புதுவருடத்துக்குத் திருகோணமலையில் வானில் தங்குவது: சாமானுக்கு முன் வளவைத் தேடுங்கள்

நீங்கள் கேட்டதை என் சொல்லில் ஒருமுறை சொல்லிப்பார்க்கிறேன். கனடாவிலுள்ள அண்ணா குடும்பம் விடுமுறைக்கு ஆர்.வி. (உள்ளேயே தங்கிச் சமைக்கும் பயண வண்டி) எடுத்துப் போவதைப் பார்த்துவிட்டு, உங்கள் பழைய டொயோட்டா டொல்பின் வானையும் அப்படி ஆக்க நினைக்கிறீர்கள். ஏப்ரல் 12 கொழும்பிலிருந்து புறப்பட்டு 15 வரை நிலாவெளிப் பக்கம் மூன்று இரவு. அம்மா, நீங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் நோ. மருத்துநீர், பொங்கல், கைவிசேஷம் ஒன்றும் தவறக்கூடாது. இதற்கு எந்த ஏசி, எத்தனை பற்றரி, என்ன கழிப்பறை என்று கேட்டிருக்கிறீர்கள். சாமான் பட்டியல் தருகிறேன், ஆனால் அந்தப் பட்டியலைத் தீர்மானிக்கப்போவது 13ஆம் திகதி இரவு வான் எங்கே நிற்கும் என்பதுதான். அதை எழுதவே இல்லை. வாகனங்களுக்கு இரண்டாம் பற்றரியும் வயரிங்கும் போடுவது என் தொழில் என்பதால் மின்சாரப் பகுதியைத் துணிந்து சொல்லுவேன். சட்டம், காப்புறுதி பற்றிச் சொல்வதை மட்டும் உரிய இடத்தில் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அண்ணாவின் ஆர்.வி. வண்டிக்குள்ளேயே எல்லாம் வைத்திருப்பதுபோலத் தெரியும். அது போய் நிற்கும் முகாமில்தான் உயிர் இருக்கிறது. அங்கே 120 வோல்ட் 30 அம்பியர் அல்லது 50 அம்பியர் மின்செருகி, குழாய்த் தண்ணீர், கழிவைக் கொட்ட நிலத்தடி வாய் எல்லாம் முழு வசதியுள்ள ஒவ்வொரு தரிப்பிடத்திலும் இருக்கும். ஏசி ஓடுவது அந்தச் செருகியில். நமக்கு அப்படி ஒரு முகாம் ஏற்பாடு இல்லை. ஆகவே இங்கே இரண்டே வழி. ஒன்று, எல்லாவற்றையும் சுமந்து போய் அந்தப் பாரத்தோடு மல்லுக்கட்டுவது. மற்றது, கிணறும் நிழலும் கழிப்பறையும் உள்ள ஒரு வளவில் நிறுத்தி, ஒன்றரை நாளுக்குத் தேவையானதை மட்டும் வானில் வைப்பது. இரண்டாவதைத்தான் சொல்லுவேன். உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை தெருவோரம் சிறு விடுதிகள் நிறைய உண்டு. அதில் ஒன்றில் ஒரேயொரு அறை எடுத்து, வானை வளவுக்குள் நிறுத்திக்கொள்ளலாமா என்று ஒரு மாதம் முன்பே கேளுங்கள். அறை அம்மாவுக்கு. ஏசி வேண்டுமென்றால் அதுவும் அந்த அறையில். தெரிந்தவர் வளவென்றால் இன்னும் நல்லது.

அம்மாவுக்கு அறை என்று சொல்வதைத் தோல்வியாக எடுக்காதீர்கள். டொல்பினின் பக்கக்கதவுப் படி முழங்கால் நோவுள்ளவருக்கு உயரம். இரவில் இரண்டு முறை எழும்பி இறங்கவேண்டி வந்தால் புதுவருடம் முழுக்க அவருக்கு நோவோடுதான் போகும்.

ஏசி கணக்கைப் போட்டுவிடுவோம், பிறகு அந்தப் பேச்சு வேண்டாம். சிறிய வீட்டு ஏசி ஒன்று 800 முதல் 900 வொட் இழுக்கும். வான் தகரத்துக்கு வெப்பத்தடுப்பு இல்லாததால் அது ஓய்வெடுக்காமல் ஓடும். எட்டு மணி நேரத்துக்கு ஆறு, ஏழாயிரம் வொட்-மணி. 12 வோல்ட் 100 அம்பியர்-மணி ஈய-அமிலப் பற்றரி ஒன்றில் பெயரளவில் 1200 வொட்-மணி. அரைவாசிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் பாவிக்கக்கூடியது 600. ஆகப் பத்துப் பற்றரிக்கு மேல், ஏறக்குறைய 300 கிலோ, அதுவும் ஒரே இரவுக்கு. இயந்திரத்தை ஓடவிட்டு வாகன ஏசியில் தூங்குவது அதைவிடப் பிழை. நின்ற வண்டியில் புகைக்குழாய் வாயு தரை ஓட்டை வழியாகவும் பின்கதவு றப்பர் வழியாகவும் உள்ளே வரும். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

ஏசி இல்லாமல் என்ன தேவை? 12 வோல்ட் மின்விசிறி இரண்டு, ஒன்று 20 வொட், ஒன்பது மணி நேரம்: 360 வொட்-மணி. எல்ஈடி விளக்கு 10 வொட், ஐந்து மணி: 50. கைபேசி ஐந்து, ஒன்றுக்கு 15: 75. மொத்தம் ஓர் இரவுக்கு 485. ஒரு பற்றரிக்குள் அடங்குகிறது. இதில் 12 வோல்ட் கொம்பிரசர் ஃபிரிஜ் ஒன்றைச் சேர்த்தால், அது 45 வொட் இழுத்து வெக்கையில் அரைவாசி நேரம் ஓடினாலே நாளுக்கு 540. கணக்கு இரட்டிப்பாகும், சூரியத்தகடும் வாங்கவேண்டி வரும். மூன்று இரவுக்காக அது வேண்டாம். தடித்த சுவருள்ள ஐஸ் பெட்டியும் 10 கிலோ கட்டி ஐஸும் போதும். நொறுக்கிய ஐஸ் வேண்டாம். மேற்பரப்பு கூட என்பதால் சீக்கிரம் உருகும். 13ஆம் திகதி காலையிலேயே வாங்கிவிடுங்கள், அடுத்த இரண்டு நாளும் ஐஸ் கிடைப்பது நிச்சயமில்லை.

இரண்டாம் பற்றரியைச் சார்ஜ் பண்ண, பழைய டொல்பினின் சாதாரண ஒல்டனேற்றருக்கு (இயந்திரம் ஓடும்போது மின்சாரம் தருவது) வோல்ட் பார்த்து இணைக்கும் ரிலே ஒன்று போதும். ஈய-அமிலப் பற்றரிக்கு மட்டும்தான் இப்படி. லித்தியம் வாங்கினால் அதே ரிலேயில் கொடுக்காதீர்கள். லித்தியம் கொடுக்கிற கரண்டையெல்லாம் இழுக்கும், ஒல்டனேற்றர் சூடேறிக் கருகும். அதற்குக் கரண்டை அளவாக விடும் டிசி-டிசி சார்ஜர் அவசியம். பியூஸைப் பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் போடுங்கள். பியூஸ் காப்பது சாமானை அல்ல, வயரை. வயரின் நடுவில் போட்டால் பற்றரிக்கும் பியூஸுக்கும் இடையிலுள்ள துண்டு உரசித் தோல் போனதும் எதுவும் தடுக்காது. இன்வேர்ட்டர் வைத்து றைஸ் குக்கர் ஓட்டலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். 700 வொட் குக்கர் 12 வோல்ட் பக்கத்தில் 65 அம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு 25 சதுர மில்லிமீற்றர் வயர் வேண்டும். கடையில் “இது போதும்” என்று தரும் மெல்லிய வயரில் வோல்ட் விழும், இன்வேர்ட்டர் கத்தும், இணைப்பு உருகும். சோற்றுக்கு அடுப்பே மேல்.

அடுப்பு என்றதும் இந்தப் பதிலில் மிக முக்கியமான ஒன்றைச் சொல்லவேண்டும். பெட்டியில் வரும், பக்கத்தில் பியூட்டேன் டின் செருகும் சின்ன அடுப்பு தேநீருக்கும் முட்டைக்கும் நல்லது. அதில் பொங்கல் பானை வைக்கக்கூடாது. பானை அகலமாகி டின் இருக்கும் அறைக்கு மேல் நீட்டிக்கொண்டால், பானையடியிலிருந்து திரும்பும் சூடு டின்னில் விழும். டின் ஐம்பது பாகைக்கு மேல் போனால் வெடிக்கும் அபாயம். காற்றுக்கு மறைப்பாக நாலு பக்கமும் தகரம் கட்டினால் அதே ஆபத்து இன்னும் கூடும். உதிரி டின்னை வெயிலில் நிற்கும் மூடிய வானுக்குள் வைப்பதும் அப்படித்தான், தாரில் நின்ற வான் நண்பகலில் உள்ளே ஐம்பதைத் தொடும். சமையலுக்கு 5 கிலோ அல்லது 2.3 கிலோ சிலிண்டரும் தனி வளைய அடுப்பும் எடுங்கள். மூன்று நாளைக்கு 2.3 கிலோவே மிஞ்சும். ஓட்டத்தில் ரெகுலேற்றரைக் கழற்றி, வால்வை மூடி, நிமிர்த்தி, பட்டியால் கட்டுங்கள். படுக்கவைத்தால் வால்வுப் பக்கம் திரவம் வரும். காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் தரையில் குளம்போல் தேங்கும். மணம் வந்தால் சுவிட்ச் தட்டாதீர்கள், விசிறியும் போடாதீர்கள், கதவுகளைத் திறந்து ஆட்களை இறக்குங்கள். இணைப்பைச் சோதிக்கச் சவர்க்கார நுரை போதும். வானுக்குள்ளே வைத்துச் சமைப்பது என்ற யோசனையை முழுதாக விட்டுவிடுங்கள். பின்கதவைத் தூக்கி அதன் நிழலில், வெளியே வைத்துச் சமைப்பதுதான் நம்முடைய வானுக்குச் சரி. ஒன்றரைக் கிலோ உலர்தூள் தீயணைப்பான் ஒன்று கதவோரம் இருக்கட்டும். கட்டிலுக்கடியில் வைத்தால் தேவைப்படும்போது எடுக்கமுடியாது.

இனிப் புதுவருடம். இரவில் எங்கே நிற்பது என்ற கேள்விக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் பஞ்சாங்கம். வருடம் பிறக்கும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு நகரும். 2023இல் 14ஆம் திகதி பிற்பகலில் பிறந்தது, 2024இல் 13ஆம் திகதி இரவே பிறந்துவிட்டது. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் இடையிலும் நேர வித்தியாசம் வரும். எது உங்கள் வீட்டு வழக்கம் என்பதை அம்மாவிடம் கேளுங்கள், தெருவில் வைத்து வாதாடவேண்டாம். விஷு புண்ணியகாலம் பிறப்பு நேரத்துக்கு நான்கு மணி முன்னும் நான்கு மணி பின்னுமாக எட்டு மணி நேரம். அதற்குள் மருத்துநீர் வைத்துக் குளிக்கவேண்டும். இரவில் பிறக்கும் ஆண்டென்றால் ஐந்து பேருக்கும் இருட்டில் தண்ணீர் வேண்டும். ஆளுக்கு ஒரு வாளி, 10 லீற்றர் என்றாலும் 50 லீற்றர், அதாவது 50 கிலோ. இதை ஹபரணையிலிருந்து சுமந்து வருவீர்களா, வளவுக் கிணற்றில் அள்ளுவீர்களா? நான் வளவு என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

மருத்துநீரை 13ஆம் திகதி கோயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். பாலும் கோமயமும் சேர்ந்து காய்ச்சியது, வெக்கையில் புளிக்கும். போத்தலை முக்கால் மட்டும் நிரப்பி, மூடியைச் சற்றுத் தளர்த்தி, ஐஸ் பெட்டியின் ஓரத்தில் நிமிர்த்தி வையுங்கள். இறுக மூடி வெயிலில் விட்டால் மூடி தெறித்து இருக்கையெல்லாம் மணக்கும். தலைக்கும் காலுக்கும் எந்த இலை, என்ன நிறத்து உடுப்பு என்பதும் அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தில் இருக்கும். இலையைக் கொழும்பிலேயே பறித்து ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வாருங்கள், இங்கே வந்து இரவில் மரம் தேடமுடியாது. கைவிசேஷத்துக்கான புதுத்தாளும் நாணயமும் அப்படியே. நீண்ட விடுமுறையில் வங்கி இயந்திரத்தை நம்பவேண்டாம்.

கன்னியா வெந்நீரூற்றில் குளித்துவிடலாமே என்ற யோசனை பலருக்கு வரும். நகரிலிருந்து எட்டுக் கிலோமீற்றரளவு, அனுராதபுரம் வீதியால் போய்த் திரும்பவேண்டும். ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு, வாளியால் அள்ளிக் குளிக்கலாம். பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். ஆனால் இந்தப் பகுதித் தமிழர் இறந்தவருக்கு அந்தியேட்டிக் கடன் செய்யும் இடமும் அதுதான், இராவணன் தாய்க்குக் கடன் செய்த கதையும் அதைச் சுற்றியதே. வருடப்பிறப்புக் குளிப்புக்கு அங்கே போக மூத்தவர்கள் சிலர் மனங்கொள்ளமாட்டார்கள். அம்மாவைக் கேட்காமல் திட்டத்தில் போடாதீர்கள். 16 காலை திரும்புவதென்றால் 15ஆம் திகதி போகலாம்.

பொங்கலை வளவில், திறந்த நிலத்தில், விறகில் வையுங்கள். ஐந்து பேருக்கும் வளவுக்காரருக்குக் கொடுக்கவும் 500 கிராம் சிவப்புப் பச்சையரிசி, 100 கிராம் வறுத்த பயற்றம்பருப்பு, ஒரு பெரிய தேங்காய், 400 கிராம் சர்க்கரை, கஜு, பிளம்ஸ் (உலர்திராட்சை), ஏலம். பானை ஐந்து அல்லது ஆறு லீற்றர் பிடிக்கவேண்டும், சிறிய பானையென்றால் அளவுக்குமீறி வழிந்து அடுப்பு அணைந்துதான் போகும். இரண்டாம் மூன்றாம் பாலும் தண்ணீருமாக இரண்டரை லீற்றர் கொதித்துப் பொங்கியபின் அரிசியும் பருப்பும். சர்க்கரையை அரிசி நன்றாக வெந்து மசியும் நிலைக்கு வந்தபின்தான் போடவேண்டும். முன்னதாகப் போட்டால் அரிசி வேகாமல் விறைத்து நிற்கும், அடியும் பிடிக்கும். பயணத்தில் பொங்கல் கெடுவதற்கு முதற்காரணம் இந்த அவசரந்தான். முதற்பாலைக் கடைசியில் விட்டு ஒரு கொதியோடு இறக்குங்கள். விறகு நாலைந்து கிலோ காய்ந்ததாகச் சாக்கில் கட்டி எடுத்துவாருங்கள், கொஞ்சம் சிரட்டையும் தென்னம்பாளையும். கடற்கரையில் பொறுக்கும் கட்டை உப்பும் ஈரமும் ஏறியது, புகையைத்தான் தரும். மூன்று செங்கல் கொண்டுவந்தால் கல் தேடவேண்டாம். தேங்காய்ப்பால் சேர்ந்தது, மதியத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஏப்ரல் வெக்கையில் புளித்துவிடும். பலகாரத்துக்குக் கவலையில்லை. பயற்றம் உருண்டை, முறுக்கு, அரியதரம் மூன்று நாளும் டின்னில் கிடக்கும். வாழையிலையில் சாப்பிட்டால் ஒவ்வொரு வேளையும் பத்து லீற்றர் கழுவு தண்ணீர் மிச்சம்.

வானை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது என்பதை யாரும் கேட்பதில்லை, நாளின் அரைவாசிச் சுகம் அதில்தான் இருக்கிறது. நம் வான்களின் இழுவைக் கதவு இடப்பக்கம். மூக்கைத் தெற்கே வைத்து நிறுத்தினால் கதவு கிழக்கே, கடலைப் பார்த்துத் திறக்கும். வலப்பக்கம் மேற்கு வெயிலை வாங்கும், அந்தப் பக்கம் கூரை விளிம்பிலிருந்து ஒரு படங்கைத் தகரத்தில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிக் கட்டுங்கள். நடுவில் காற்று ஓடவேண்டும், ஒட்டிக் கிடந்தால் பயனில்லை. ஏப்ரலில் பெரும்பாலும் முற்பகல் ஒன்பது, பத்துக்குக் கடற்காற்று எழும்பி மாலைவரை வீசும். இரவில் அது அடங்கி, கரையிலிருந்து மெல்ல ஒரு காற்று கடலுக்குப் போகும். ஆகவே இரவில் மேற்குப்பக்கக் கண்ணாடிகளை வலை போட்டுத் திறந்துவைக்கவேண்டும். பொங்கல் அடுப்பையும் இதைப் பார்த்தே வையுங்கள். வானுக்குக் கிழக்கே, எட்டுப் பத்து அடி தள்ளி. விடியற்காலையில் புகை கடற்பக்கம் போகும், சூரியனும் நேரே எழும்பும். கடற்காற்று வந்துவிட்டால் புகையெல்லாம் திறந்த கதவுக்குள்தான். புண்ணியகாலம் அனுமதித்தால் ஒன்பதுக்குள் பானையை இறக்குங்கள். இந்த மாதத்தில் பின்னேரங்களில் இடிமழையும் வரும், எந்த நாள் என்று சொல்லமுடியாது. படங்கின் ஒரு மூலையைப் பதித்துக் கட்டினால் தண்ணீர் மேலே தேங்காது.

நிழலுக்கு வேம்பும் பூவரசும் நல்லவை. காய்த்த தென்னைக்குக் கீழ் வேண்டாம். தேங்காய் கண்ணாடியைப் பார்த்து விழாது. கடற்கரை மணலில் ஏற்றவும் வேண்டாம். இங்கே வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு, அலை வந்து வானைக் கொண்டுபோகாது. ஆனால் நிலாவெளி மணல் மேலே காய்ந்து உதிரி, பின்சக்கர இழுவையுள்ள பாரமான வான் பத்தடிக்குள் அச்சுவரை புதையும். புதைந்தால் அக்ஸிலேற்றரை அமுக்காதீர்கள். ரயர்க் காற்றை அரைவாசியாக இறக்கி, சக்கரத்துக்கு முன்னுள்ள மணலைத் தோண்டி, சாக்கோ பலகையோ போட்டு மெதுவாக எடுங்கள். தாருக்கு வந்ததும் காற்றை நிரப்பாமல் ஓட்டக்கூடாது, பாரத்தில் ரயர் ஓரம் சூடேறிப் பிய்யும். இன்னொன்று, கரைவலைக்காரரின் பாடு (வலை இழுக்கும் இடம்) இருக்கும் கரையில் வண்டியோ கூடாரமோ போடாதீர்கள். விடியற்காலை கம்பா என்ற வலைக்கயிற்றை இழுக்க வரும்போது நீங்கள் அவர்கள் தொழிலின் குறுக்கே படுத்திருப்பீர்கள். துறைமுகத்தையும் சீனன்குடாவையும் சுற்றிக் கடற்படை, விமானப்படை நிலங்கள் இருப்பதால் அந்தப் பக்கம் தெருவோர இராத்தங்கல் என்ற நினைப்பே வேண்டாம்.

கழிப்பறைக்கு, மூடியுள்ள வாளியும் காய்ந்த தும்புத்தூளும் அவசரத்துக்கு மட்டும். பகலில் வளவுக் கழிப்பறை. கழுவும் வழக்கமுள்ள நமக்கு, ரசாயனம் ஊற்றும் கையடக்கக் கழிப்பறையின் 20 லீற்றர் தொட்டி ஐந்து பேருக்கு ஒரு நாளும் தாங்காது, கடையில் சொல்வது கடதாசி பாவிப்பவர் கணக்கு. நிரம்பியதைக் கொட்ட இடமுமில்லை. குடிக்க ஆளுக்கு மூன்று லீற்றர், சமையலுக்கு எட்டு, கைகால் பாத்திரத்துக்கு இருபது, கழுவப் பதினைந்து என நாளுக்கு 60 லீற்றரளவு ஆகும். 20 லீற்றர் கான் மூன்று எடுத்து, பின்னச்சுக்கு மேல் தாழ வையுங்கள். நிலாவெளிக் கரையோரக் கிணறுகள் சில உவர். குளிக்கலாம், பொங்கலுக்கு ஆகாது. ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள்.

கட்டிலை வெல்டிங் பண்ணி நிரந்தரமாக்காதீர்கள். இருக்கைகளைக் கழற்றி வண்டியின் வகையை மாற்றுவது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதிக்குரிய விடயம், நிலையான காஸ் இணைப்புப் போட்டால் காப்புறுதிக்காரர் என்ன சொல்வார் என்பதை எழுத்தில் கேட்டுவைக்கவேண்டும். பின்வரிசையை மட்டும் மடித்து, அதன்மேல் 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை இரண்டு துண்டாகப் போட்டால் இந்தத் தலையிடியே இல்லை. ஓட்டத்தில் பிள்ளைகள் அதில் படுக்கக்கூடாது. இருக்கையில், பட்டியோடு.

பாதையில் ஒன்றே ஒன்று. கொழும்பிலிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர், அதில் ஹபரணையிலிருந்து கந்தளாய்ப் பக்கம் வரும் காட்டுப்பகுதி யானை கடக்கும் இடம். விடியற்காலை நாலு மணிக்குப் புறப்பட்டால் அந்தத் துண்டு பகலில் வரும். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். கோர்ன், விளக்குச் சிமிட்டல் வேண்டாம், பழம் எறியவும் வேண்டாம். கேட்டுப் பழகிய யானை அடுத்த வண்டியின் கண்ணாடியை உடைத்துக் கேட்கும். 13, 14 ஆம் திகதிகளில் தமிழ், சிங்களக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும், டீசலை 12ஆம் திகதியே நிரப்பிவிடுங்கள். மறந்துபோன உப்போ பற்றரியோ வேண்டுமென்றால் கிண்ணியாப் பக்கம் முஸ்லிம் கடைகள் திறந்திருக்கும். 2009இல் பாலம் திறந்தபின் படகுக்குக் காத்திருக்கும் வேலையும் இல்லை. தயிரும் அந்தப் பக்கத்தில் சட்டியோடு வாங்கலாம்.

கோணேசர் கோயிலுக்கு வானிலேயே போகலாமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். கோயில் பிரெடரிக் கோட்டைக்குள், சுவாமிமலை முனையில். கோட்டை இன்றும் இராணுவத்தின் பாவனையில், வாசலில் சோதனை உண்டு. சிலிண்டரையும் விறகையும் வளவிலேயே விட்டுவிட்டுப் போனால் விளக்கம் சொல்லத் தேவையில்லை. வருடப்பிறப்பன்று சனம் கூடும், மேலே நிறுத்த இடம் கிடைக்காமல் போகலாம். அம்மாவை முச்சக்கரவண்டியில் ஏற்றி நீங்கள் வெளியே நிறுத்தி நடப்பது சுகம். உள்ளே புள்ளிமான்கள் ஆளுக்குப் பயமின்றி வரும், பிள்ளைகள் பிஸ்கட் உறையோடு கொடுத்துவிடாமல் பாருங்கள். புறாத்தீவுக்கு 14, 15இல் படகுக்கு வரிசை நிற்கும், போவதென்றால் 13 காலை முதற்படகு. அது தேசியப் பூங்கா, நுழைவுச்சீட்டு உண்டு, பவளத்தின்மேல் காலூன்றக்கூடாது.

திரும்பும்போது 15 பின்னேரம் புறப்படாதீர்கள், அந்தியில் யானைப் பகுதிக்குள் மாட்டுவீர்கள். அன்று காலை ஆறரைக்கு வெளிக்கிட முடியாதென்றால் இன்னொரு இரவு நின்று 16 காலை போங்கள். கிளம்பமுன் உவரில்லாத கிணற்றுத் தண்ணீரால் வானின் அடிப்பக்கத்தையும் பற்றரி முனைகளையும் ஒருமுறை கழுவித் துடையுங்கள். முனைகளுக்குக் கொஞ்சம் கிறீஸ் பூசுங்கள். மூன்று இரவுக் கடலுப்புக்கே வெண்பச்சையாகப் பூக்கத் தொடங்கிவிடும்.